தேச்சாச்சு!

அத்தியாயம் 9

"சாரே, கமலாக்ஷியெ தேச்சு, கேட்டோ. மேடம் ஒண்ணும் அறிஞ்ஞிட்டில்லா. பாக்கி இன்னு கார்டில் எடுக்காம்."

ஒரு வாய்க் காபி தொண்டையில் இறங்கும் நேரம்தான். அதற்குள் அந்தக் குரல் செய்தி ஒலித்து ஓய்ந்துவிட்டது. எறணாகுளம் ஃபிளாட்டின் ஐந்தாவது மாடியில் டம்ளரும் கையுமாக நின்ற லோகாம்பாளுக்கு, அந்த வாய்க் காபி இறங்கவும் மறுத்தது, ஏறவும் மறுத்தது. நடுவழியில் நின்று அவளோடு சேர்ந்து யோசித்தது.

பேசியவன் காண்டிராக்டர் அனில். பேச நினைத்தது லோகாம்பாளின் கணவர் அனந்தநாராயணனிடம். விரல் வழுக்கி, 'மட்டாஞ்சேரி வீடு' என்ற வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். அந்தக் குழுவில் லோகாம்பாளும் உண்டு, மருமகள் ஸ்நேஹாவும் உண்டு.

இன்னொரு முறை கேட்கலாம் என்று லோகாம்பாள் விரலை வைத்தாள். அதற்குள் செய்தி மறைந்து, அந்த இடத்தில் 'நீக்கப்பட்டது' என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி நின்றது.

இருந்த செய்தி கால் பங்கு சந்தேகத்தைக் கிளப்பியது. இல்லாமல் போன செய்தி மீதி முக்காலையும் கிளப்பியது.

கதையை இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்கு நாலு வரி. தொடர்ந்து படிப்பவர்கள் அதற்குள் ஒரு முறுக்கைக் கடித்துவிட்டு வரலாம்.

மட்டாஞ்சேரியில், மிளகு கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் வீடு அனந்தநாராயணனின் அப்பா கட்டியது. லோகாம்பாள் கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி வருவதற்கு முன்பே குடும்பம் எறணாகுளம் வந்துவிட்டது. வீட்டை ஒரு சுக்கு வியாபாரிக்கு வாடகைக்கு விட்டார்கள். அவர் காலி செய்தபோது, சுவர்கள் எல்லாம் சுக்காகவே மாறியிருந்தன. பழுது பார்த்து, மாடியை மறுபடி வாடகைக்கு விடுவது என்று முடிவாயிற்று. மாடி வாடகை முழுக்க லோகாம்பாளின் கைக்கு, அது பேச்சு. தேனியிலிருந்து வந்து இங்கே ஒரு ஹோட்டலில் சமையல் பார்க்கும் பாண்டித்துரைக்கு அவள் வாக்கும் கொடுத்துவிட்டாள். ஒன்றாம் தேதி பால் காய்ச்ச வேண்டும்.

அனந்தநாராயணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். செலவு முழுக்க கிரெடிட் கார்டில்தான். கார்டில் தேய்த்தால் பாயிண்ட் சேரும். பாயிண்ட் சேர்ந்தால் காசிக்கு விமான டிக்கெட், அவருக்கும் அவளுக்கும். ஓய்வு பெற்ற பிறகு சில பேர் பூஜையில் இறங்குவார்கள், சில பேர் சர்க்கரை வியாதியில் இறங்குவார்கள். இவர் பாயிண்டில் இறங்கினார்.

கொச்சியில் எந்தக் காண்டிராக்டர் கார்டு வாங்குகிறான்? ஒருவர் சிரித்தே பாலம் தாண்டிப் போய்விட்டார். இன்னொருவர் கார்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் மணல் வருமோ சாரே?" என்று கேட்டார். கடைசியில் வைப்பின் தீவிலிருந்து அனில் வந்தான். பையில் கொத்தனார் கரணைக்கும் மட்டப்பலகைக்கும் நடுவே கார்டு தேய்க்கும் மெஷினும் வைத்திருந்தான். "கார்டானெங்கில் ரெண்டு சதவீதம் கூடுதல்" என்றான். கொத்தமல்லிக் கட்டுக்கு ஒரு ரூபாய் குறைக்க அரை நாள் நிற்கும் அனந்தநாராயணன், மறுபேச்சில்லாமல் தலையாட்டினார்.

லோகாம்பாளின் முதல் சந்தேகம் அந்தத் தலையாட்டலில் பிறந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு வேலை முடிந்ததும் அவர் மெஷினில் கார்டைச் செருகி, எண்ணைக் குத்தி, ஊர் கேட்க "தேச்சாச்சு!" என்று கூவுவார். தோட்டா இல்லாமல் புலி சுட்டவர் மாதிரி ஒரு பெருமிதம்.

போன வாரம், பால்கனியில் யாருடனோ போனில் பேசியபோது அவர் சொன்னது அவள் காதில் விழுந்தது. "ரெண்டு இல்லை, மூணு டிக்கெட்."

அந்த மூன்றாவது ஆளுக்கு இதுவரை பெயர் இல்லாமல் இருந்தது. இன்று காலைக் காபியோடு பெயரும் வந்துவிட்டது.

"ஸ்நேஹா!"

ஸ்நேஹா தன் அறையிலிருந்து வந்தாள். கணவன் ஸ்ரீநாத் துபாயில். இவள் இங்கே, காக்கநாட்டில் வேலை. கையில் போன். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவளும் கேட்டிருக்கிறாள்.

"கேட்டியாடி?"

"கேட்டேன், அம்மா."

"எவளோ கமலாக்ஷியாம். அவளுக்குக் கார்டைத் தேச்சிருக்கார். பாக்கி வேற இன்னிக்குத் தேய்க்கறாராம்!"

ஸ்நேஹா உதட்டைக் கடித்தாள். "அம்மா, அது... கமலாக்ஷிக்குன்னு அனில் சொல்லல்லை. கமலாக்ஷியெ தேச்சுன்னாக்கும் சொன்னான்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லை. இவிடெ தேச்சுன்னா வேற அர்த்தம். ஒருத்தன் ஒருத்தியோட நன்னா சுத்தறான். ஐஸ்கிரீம், சினிமா எல்லாம். பின்னெ ஒரு நாள் போனே எடுக்கமாட்டான். அப்போ ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் சொல்லுவா, அவன் அவளெ தேச்சூன்னு."

லோகாம்பாள் டம்ளரைக் கீழே வைத்தாள். முப்பத்தாறு வருஷமாகக் கொச்சியில் இருந்தும், அவளுடைய மலையாளம் காய்கறிக் கடையைத் தாண்டி வெளியே வந்ததில்லை. கப்பை தெரியும், சக்கை தெரியும், 'வேண்டா' தெரியும்.

"அதாவது, ஏமாத்தறது."

"ஆமாம்."

"உன் மாமனார் கமலாக்ஷியைக் கழட்டி விட்டுட்டார்."

"மெசேஜ் அப்படித்தான் இருந்தது. நல்ல விஷயம்தானே, அம்மா? விட்டாச்சே!"

"கழட்டி விடணும்னா முதல்லே மாட்டிண்டிருக்கணுமேடி!"

குளியலறைக் கதவு திறந்தது. முதலில் வந்தது வாசனை. அது வந்து, ஹாலைச் சுற்றிப் பார்த்து, சோபாவில் உட்கார்ந்த பிறகுதான் அனந்தநாராயணன் வந்தார். ஸ்ரீநாத் போன தடவை துபாயிலிருந்து கொண்டுவந்த அத்தர். தீபாவளிக்குக்கூட அவர் திறக்காத பாட்டில். இடுப்பில் மடிப்புக் கலையாத புது வேஷ்டி. சிமெண்ட் மேற்பார்வை பார்க்கப் போகிற மனுஷர்!

"என்ன ரெண்டு பேரும் மணிக்கூண்டு மாதிரி நிக்கறேள்?"

"அனில் மெசேஜ் போட்டிருந்தானே?" என்றாள் லோகாம்பாள்.

"அதுவா? டைல்ஸ் விஷயம். தப்பா எதையோ போட்டுட்டான், எடுத்துட்டான்." அவர் கண்ணாடியைப் பார்த்துக் காது மயிரைச் சரி செய்தார். "இதோ பாரு, இன்னிக்கு ஒருத்தரும் அங்கே வரவேண்டாம். ஒரே பொடி. உனக்குத் தும்மல் வரும்."

"நேத்து வரைக்கும் வா வான்னேளே, டைல்ஸ் கலர் பாருன்னு."

"நேத்து பொடி இல்லை."

"தேச்சாச்சா?"

அவர் கையிலிருந்த சீப்பு விழுந்தது. "எதை?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

அனந்தநாராயணன் சீப்பை எடுக்கக் குனிந்தார். நிமிரும்போது முகம் செம்பருத்தி நிறத்தில் இருந்தது. குனிந்ததால் என்றும் சொல்லலாம். "போட் போயிடும்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு, லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியில் இறங்கிவிட்டார்.

அலமாரிமேல் கிரெடிட் கார்டு கிடந்தது.

மூக்குக் கண்ணாடியை மறந்திருக்கிறார், ஒரு தடவை தோப்பும்படி ஊர் பஸ் ஸ்டாண்டில் கட்டிய மனைவியையே மறந்துவிட்டு வந்திருக்கிறார். கார்டை மறந்ததில்லை. லோகாம்பாள் அதை எடுத்து, ஒரு தேளைப் பிடிப்பதுபோல் ஓரத்தில் பிடித்தாள்.

"கிளம்புடி."

"எனக்கு ஆபீஸ், அம்மா."

"தலைவலின்னு சொல்லு. எனக்கு நிஜமாவே இருக்கு, என்னோடதைச் சொல்லிக்கோ."

அடுத்த போட்டில் இருவரும் ஏறினார்கள். காயல் தண்ணீர் அமைதியாகத்தான் இருந்தது. லோகாம்பாளின் பக்கம் மட்டும் போட் கொஞ்சம் சாய்ந்தே போனது, அவள் மனசிலிருந்த பாரத்தால்.

ஸ்நேஹா போனில் கமலாக்ஷிகளைத் தேடினாள். எறணாகுளம் மாவட்டத்தில் மட்டும் ஒரு கல்யாண மண்டபத்தை நிரப்பும் அளவுக்கு இருந்தார்கள்.

"இவ யோகா டீச்சர், அம்மா. அங்கமாலி."

லோகாம்பாள் எட்டிப் பார்த்தாள். "தலைகீழா நிக்கறாளே. இவளா இருக்காது. உன் மாமனாருக்கு நேரா நிக்கறவாகிட்டப் பேசவே கூச்சம்."

"இவ வக்கீல்."

"வேண்டாம். அடுத்தவ."

"இவளுக்கு அறுபது வயசு இருக்கும். வெள்ளைப் புடவை. ஆலுவா."

"பாவம், நல்ல முகம். இப்படிப்பட்டவாளைச் சந்தேகப்படப்படாது." லோகாம்பாள் காயலைப் பார்த்தாள். பிறகு குரல் தணிந்தது. "ஸ்நேஹா, என் அப்பா எனக்கு எத்தனை வரன் பார்த்தார் தெரியுமோ? கலெக்டர் ஆபீஸ் மாப்பிள்ளை, சொந்த வீடு மாப்பிள்ளை, எல்லாத்தையும் தள்ளிட்டு இவரைப் பிடிச்சார். ஏன்? ஒரே பிள்ளை. நாத்தனார் கிடையாது. 'என் பொண்ணுக்கு நாத்தனார் தொந்தரவே கூடாது'ன்னு. முப்பத்தாறு வருஷமா நவராத்திரிக்கு நவராத்திரி எல்லார்கிட்டயும் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமை அடிச்சிருக்கேன். கடைசியிலே இப்படி ஒரு மூணாம் டிக்கெட்டா?"

கண்ணில் நீர் இல்லை. அதுதான் ஸ்நேஹாவுக்குப் பயமாக இருந்தது. மாமியார் அழுதால் ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும். அழவில்லையென்றால் அன்று ஏதாவது ஒன்று இரண்டாக உடையும்.

"நிஜம்னா என்ன செய்வேள், அம்மா?"

"கும்பகோணத்துக்கு டிக்கெட் எடுப்பேன். ஒரே டிக்கெட். அதையும் இந்தக் கார்டிலேயே தேய்ப்பேன்."

போட் ஜெட்டியில் இறங்கி நடந்தார்கள். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளாடு கடை வாசலில் படுத்துக்கொண்டு, லோகாம்பாளின் வேகத்தைப் பார்த்து எழுந்து வழிவிட்டது. அந்தத் தெருவில் லாரிக்கே எழாத ஆடு அது.

வீட்டு வாசலில் அனில் சாயா குடித்துக்கொண்டிருந்தான். தலையிலிருந்து கால்வரை சிமெண்ட். இவர்களைப் பார்த்ததும், சிமெண்டுக்குக் கீழேயும் ஒரு வெளுப்பு தெரிந்தது.

லோகாம்பாள் சுற்றி வளைக்கவில்லை. "கமலாக்ஷி எங்கே?"

அனில் கிளாஸை வாயிலிருந்து எடுத்தான். "மேடம் எங்ஙனெ அறிஞ்ஞு?"

"எங்கேன்னு கேட்டேன்."

அனில் மாடியைப் பார்த்தான், சாயாவைப் பார்த்தான், தப்ப வழியில்லை என்று தெரிந்துகொண்டான். "மோளிலுண்டு, மேடம். சாரும் உண்டு. பக்ஷே தொடருது, கேட்டோ. இப்போ தேச்சதே உள்ளூ. நனவுண்டு."

ஸ்நேஹா மாமியாருக்காக மொழிபெயர்க்க வாய் திறந்தாள். வார்த்தை வரவில்லை. மேலே இருக்கிறாள். அவரும் கூட இருக்கிறார். தொடக்கூடாது. இப்போதுதான் தேய்த்தது. ஈரம் காயவில்லை.

"அம்மா," என்றாள் மெதுவாக, "தேச்சுக்கு மூணாவதா ஒரு அர்த்தம் இருக்கும்போல இருக்கு."

லோகாம்பாள் அதற்குள் படியில் பாதி ஏறியிருந்தாள். அந்த மரப்படிகள் சுக்கு மூட்டை தூக்கிய ஆட்களையெல்லாம் பார்த்தவை. ஒன்றுகூட இப்படி முனகியதில்லை.

மாடி அறையில் அனந்தநாராயணன் தனியாக நின்றார். சட்டைப் பையில், வேஷ்டி மடிப்பில், மறுபடி சட்டைப் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அவர் எதிரே ஒரு சுவர், புதிதாகச் சிமெண்ட் பூசி, ஈரம் பளபளக்க.

"எங்கே அவ?"

"லோகா! நீ எப்படி இங்கே... யாரு?"

லோகாம்பாள் கதவுக்குப் பின்னால் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஒரு சிமெண்ட் மூட்டையைத் தூக்கிக்கூடப் பார்த்தாள். யாரும் இல்லை.

அறை வாசலில் நின்ற ஸ்நேஹா சுவரைப் பார்த்தாள், பின்னாலேயே சாயா கிளாஸோடு ஏறி வந்த அனிலின் இன்னொரு கையிலிருந்த கரணையைப் பார்த்தாள். திடீரென்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அம்மா! சுவர்! சுவருக்குச் சிமெண்ட் பூசறதுக்கும் தேப்புன்னாக்கும் பேரு! இந்த முறிக்கு, இந்த ரூமுக்குத்தான், கமலாக்ஷின்னு பேரு வெச்சிருக்கணும்! முறியெ தேச்சிருக்கா!"

"ஆமா," என்றான் அனில், உயிர் வந்தவனாக. "நம்முடெ பணிக்காரு எல்லா முறிக்கும் ஒரோ பேரு இடும். அடுக்களைக்குப் பேரு புகை. கீழெ சுக்கு. இது கமலாக்ஷி."

லோகாம்பாள் சிரித்தாள். கும்பகோணத்தில் கேட்டிருக்கும். சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஒரு காலைப் பொழுது முழுதும் சேர்த்து வைத்த பயத்தையெல்லாம் சிரித்தே வெளியேற்றினாள். அனந்தநாராயணனும் சிரித்தார். அவர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

அதுதான் தப்பாகப் போயிற்று. இத்தனை சிரிப்புக்கு என்ன நியாயம் என்று லோகாம்பாளின் மூளை ஒரு நொடி நின்று யோசித்தது.

"அடுக்களைக்குப் புகை. சரி. கீழே சுக்கு. அதுவும் சரி." அவள் எழுந்தாள். "இதுக்கு ஏன் கமலாக்ஷி?"

சிரிப்பு நின்றது.

"மேடம் அறியலைன்னானே, என்னத்தை அறியலை?"

அனில் சாரைப் பார்த்தான். சார் கூரையைப் பார்த்தார்.

"சுவரில் எழுதியிருந்நு, மேடம்," என்றான் அனில். "பழைய தேப்பு இளக்கியப்போ உள்ளில் கண்டது. சார் பறஞ்ஞு, வேகம் தேச்சோ, ஆரும் காணண்டா என்னு."

"சும்மா ஏதோ கிறுக்கல், லோகா. வாடகைக்கு இருந்தவா குழந்தைகள் எழுதினது."

"சுக்கு வியாபாரிக்குக் குழந்தையே கிடையாது. ஊரெல்லாம் சொல்லிப் புலம்புவார்." லோகாம்பாள் இடுப்பிலிருந்து கார்டை எடுத்தாள். "இதைத்தானே தேடறேள்?"

அவர் கை நீண்டது. அவள் கை பின்னால் போனது.

"சுவரைத் தேச்சதுக்குத்தானே இன்னிக்கு இதைத் தேய்க்கணும்? நன்னாத் தேச்சிருக்கானான்னு பார்க்காம எப்படிப் பணம் கொடுக்கறது? அனில், அந்தக் கரணையைக் கொடு."

"மேடம், நனவு..."

"கொடு."

"லோகா, வேண்டாம்," என்றார் அனந்தநாராயணன். அந்தக் குரலில் விளையாட்டு எதுவும் இல்லை. அவளுக்குப் பழக்கமில்லாத குரல்.

பழக்கமில்லாத குரல் என்பதாலேயே அவள் சுரண்டினாள். ஈரச் சிமெண்ட் தயிர்சாதம் மாதிரி வழிந்து அவருடைய புது வேஷ்டியின் ஓரத்தில் விழுந்தது. அடியில் பழைய சுண்ணாம்புச் சுவர். ஆணியால் கீறிய கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. கீறலுக்குள் சிமெண்ட் தங்கிவிட்டதால், வெள்ளைச் சுவரில் மை வைத்து எழுதினதுபோல் எழுத்துகள் எழுந்து வந்தன. மறைக்கப் பூசியதே இப்போது எடுத்துக் காட்டியது.

மலையாள எழுத்து. லோகாம்பாளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது.

"வாசிடி."

ஸ்நேஹாவின் சிரிப்பு எப்போதோ போயிருந்தது. குனிந்து, கீழிருந்து மேலாக வாசித்தாள். "அனந்து. பக்கத்திலே கமலாக்ஷி. மேலே மறுபடி அனந்து. மறுபடி கமலாக்ஷி. குழந்தைகள் உயரம் அளந்திருக்கா, அம்மா." எல்லாவற்றுக்கும் மேலே இருந்த வரியில் அவள் விரல் நின்றது. "இது எழுத்து மலையாளம், பேச்சு தமிழ். 'அண்ணாவை விட நான் ஒரு விரல் ஜாஸ்தி'."

கீழே தெருவில் யாரோ மூட்டையைப் போட்ட சத்தம் கேட்டது.

அண்ணா.

லோகாம்பாள் அந்த வார்த்தையை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். சக்களத்தியைத் தேடி வந்தவளுக்கு, சுவருக்குள்ளிருந்து ஒரு நாத்தனார்.

"தங்கையா?"

அனந்தநாராயணன் தலையசைத்தார். "அவ தனக்குப் பிடிச்சவனைக் கல்யாணம் பண்ணிண்டு போனா. வேற ஜாதி. அப்பா அன்னிக்கே இந்தச் சுவர்மேலே இன்னொரு பூச்சு பூசச் சொன்னார். அடுத்த மாசம் வீட்டையே விட்டுட்டோம். அந்தப் பேரைச் சொல்லப்படாதுன்னார். உங்காத்திலேந்து வந்து கேட்டப்போ, ஒரே பிள்ளைன்னுட்டார்."

"உங்க அப்பா சொன்னார். நீங்க?"

அனந்தநாராயணன் சுவரில் இருந்த தன் பெயரைப் பார்த்தார்.

"இருக்காளா?"

"ஆலுவாவிலே. அவ புருஷன் தவறிப்போயிட்டான். தனியா இருக்கா. போன மாசம் எப்படியோ நம்பர் கண்டுபிடிச்சுக் கூப்பிட்டா."

ஆலுவா. வெள்ளைப் புடவை. நல்ல முகம். ஸ்நேஹா மாமியாரைப் பார்த்தாள். மாமியார் பார்க்கவில்லை.

"மூணாவது டிக்கெட் அவளுக்கா?"

"ஆமாம். காசிக்கு அழைச்சுண்டு போகலாம்னு. அங்கே வெச்சு உன்கிட்டயும் சொல்லிடலாம்னு."

லோகாம்பாளின் மனசு ஒரு கணம் இளகியது. பாயிண்ட், பாயிண்ட் என்று அலைந்தது ஒரு தங்கைக்காகவா? ரெண்டு சதவீதத்துக்குப் பேரம் பேசாதது அதற்காகவா? இளகிய மனசு மெதுவாக உட்காரப் போனது. உட்காருவதற்குள் அவருடைய போன் அடித்தது.

திரையில் பெயர் இல்லை, எண் மட்டும். அனந்தநாராயணன் எடுக்கவில்லை. லோகாம்பாள் எடுத்தாள். ஒலிபெருக்கியை அழுத்தி, ஒன்றும் பேசாமல் நீட்டிப் பிடித்தாள்.

"அண்ணா?" வயதான, ஆனால் தெளிவான குரல். "ஜெட்டியிலே எறங்கியாச்சு. வழி மறக்கல்லை, நீ வரவேண்டாம். பின்னெ, டிக்கெட் விஷயம் யோசிச்சேன். எனக்குக் காசியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். டிக்கெட்டை வாங்கிண்டு வீட்டுப் பேச்சை விட்டுடுன்னியே, அது முடியாது, அண்ணா. மாடி முறி எனக்கு வேணும். அப்பா எல்லாத்திலேந்தும் என் பேரை எடுத்துட்டார். ஸ்கூல் சர்டிபிகேட்டு கூடத் தரல்லை. நான் அந்த வீட்டுப் பொண்ணுன்னு சொல்ல அந்தச் சுவர் ஒண்ணுதான் பாக்கி. பழைய பூச்சை எடுக்கறேன்னியே, எழுத்து இருக்கோல்லியோ?"

அனில் குடித்த சாயாவை விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டான்.

"அண்ணா? கேக்கறதா? இதோ, கடைத்தெருவுக்கு வந்துட்டேன்."

தொடர்பு அறுந்தது.

அத்தர், புது வேஷ்டி, இன்று யாரும் வரவேண்டாம் என்றது, பொடி, தும்மல். காலையிலிருந்து தனித்தனியாகக் கிடந்த எல்லாம் லோகாம்பாளின் கண்முன் வந்து வரிசையில் நின்றன. ஒன்று மட்டும் இடம் மாறி நின்றது. அதை அவள் நிதானமாக எடுத்து வைத்தாள்.

"ஏன்னா, இதை என்கிட்டேயிருந்து மறைக்கவா தேச்சேள்? இல்லை, அவகிட்டேயிருந்து மறைக்கவா?"

அவர் வேஷ்டியில் விழுந்த சிமெண்டைத் தட்டினார். ஈரச் சிமெண்ட். தட்டத் தட்டப் பரவியது.

"கூடப் பிறந்தவளோட பங்கை, பாயிண்டிலே தீர்க்கப் பார்த்தேளா?"

"உனக்காகத்தான், லோகா. மாடி வாடகை உன் கைக்குன்னு சொன்னேனோல்லியோ? நீ பாண்டித்துரைக்கு வாக்குக் கொடுத்துட்டே..."

"என் தலையிலே தேய்க்காதேங்கோ."

ஸ்நேஹா மாமியாரின் காதருகே வந்தாள். "அம்மா, காலம்பற நான் சொன்ன அர்த்தமும் சரிதான்போல இருக்கு. கமலாக்ஷியெ தேச்சு."

அனில் வாயிலிருந்த சாயாவை ஒருவழியாக விழுங்கினான். இப்போது கார்டு மெஷின் ஒரு கையில், சிமெண்ட் சட்டி ஒரு கையில். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் பொதுவாகக் கேட்டான். "அப்போ... வீண்டும் தேக்கணோ?"

கணவர் அவளைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. இன்னும் நேரம் இருக்கிறது. ஒரு சட்டிச் சிமெண்ட், நாலு வீச்சு. வருகிறவள் வெறும் சுவரைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். பாண்டித்துரை ஒன்றாம் தேதி பால் காய்ச்சுவான். மாதா மாதம் வாடகை லோகாம்பாளின் கையில். நாத்தனார் இல்லாத வீடு, நாத்தனார் இல்லாத வீடாகவே இருக்கும்.

லோகாம்பாள் சுவரைப் பார்த்தாள். மேல் வரியில் அந்த ஒரு விரல் இடைவெளி.

"தேக்கண்டா," என்றாள். காய்கறிக் கடைக்கு வெளியே அவள் பேசிய முதல் மலையாளம்.

கிரெடிட் கார்டை இடுப்பில் ஆழமாகச் செருகிக்கொண்டாள். கரணையைக் கீழே வைக்க மறந்துவிட்டாள், அல்லது வைக்கவில்லை. கீழே வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு முதல் படி முனகியது. ஏறி வந்த காலுக்கு, எந்தப் படி ஆடும், எந்தப் படியில் ஓரமாக மிதிக்க வேண்டும் என்பதெல்லாம் நன்றாகத் தெரிந்திருந்தது.

லோகாம்பாள் கையில் கரணையோடு மாடிப்படியின் உச்சியில் போய் நின்றாள். வாங்கோ என்று சொல்லவா, வழியை மறிக்கவா என்று அவளுக்கே இன்னும் தெரியவில்லை.

வெள்ளைப் புடவையின் தலை தெரிந்தது. நின்றது. நிமிர்ந்து, லோகாம்பாளின் கரணையைப் பார்த்தது, அதில் ஒட்டியிருந்த ஈரச் சிமெண்டைப் பார்த்தது.

"மன்னி," என்றாள் கமலாக்ஷி. "சுரண்டினது நீங்களா, பூசினது நீங்களா?"